சியாவ் என்ற ஒரு சொல்: பழஞ்சீனச் சிந்தனையை இன்றைய ஆய்வுக்குள் கொண்டுவர முழுமையான வழிகாட்டி

ஆய்வு வாழ்க்கையின் தொடக்கத்தில் சீனக் குடும்பம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தொடக்கத்தில் கன்பூசியஸின் வாக்கியம் ஒன்று. பிறகு பதினெட்டுப் பக்கங்களுக்கு மேற்கத்தியக் குடும்பவியல் கோட்பாடு. கடைசிப் பத்தியில் மறுபடியும் கன்பூசியஸ். அதைப் படித்த மூத்த ஆய்வாளர் ஒருவர் அந்த முதல் வாக்கியத்தின் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இதை எடுத்துவிட்டால் என்ன குறையும்?"

எதுவும் குறையாது. அந்தக் கேள்வி அன்றிலிருந்து என் மேசையிலேயே இருக்கிறது. பழஞ்சீனச் சிந்தனையைக் கொண்டு ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதும் அதைத்தான். ஒரு பழஞ்சொல் ஆய்வுக்குள் வந்துவிட்டது என்றால், அதை உருவினால் கட்டடம் சரிய வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால் தோன்றியே இராத ஒரு கேள்வி, கண்ணில் பட்டே இராத ஒரு தரவு, வந்தே இராத ஒரு முடிவு, இவற்றில் ஒன்றாவது அதிலிருந்து பிறந்திருக்க வேண்டும்.

பொதுப்படப் பேசினால் இது பிடிபடாது. அதனால் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை நடக்கலாம். சொல்: சியாவ். பெற்றோரிடம் பிள்ளை கொள்ள வேண்டிய உறவொழுக்கம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். இந்த விளக்கம் போதாது என்பது போகப்போகத் தெரியும்.

முதல் படி: உங்கள் கேள்வி எங்கே முட்டி நிற்கிறது?

தத்துவத்திலிருந்து தொடங்காதீர்கள். களத்தில் ஏதோ ஒன்று கையிலுள்ள கருத்துகளுக்கு அடங்காமல் திமிறிக்கொண்டிருக்க வேண்டும். அங்கிருந்து தொடங்குங்கள்.

இதற்கு என் முன்னோடி சீனச் சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தொங். லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் பயின்றவர். சியாங்சு மாகாணத்தில் பட்டுப்புழு வளர்க்கும் கைசியான்கொங் கிராமத்தைப் பற்றி 1939-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். மேற்கத்தியச் சமூகவியலை அதன் ஊற்றுக்கண்ணிலேயே கற்ற அவருக்கு, 1940-களில் ஒரு சிக்கல் தெளிவாகத் தெரிந்தது. 'தனிமனிதன், குழு' என்ற இரட்டைக்குள் சீனக் கிராமம் அடங்கவில்லை. மேற்கத்தியச் சமூகம் வைக்கோலைக் கட்டி அடுக்குவது போன்றது என்றார். ஒவ்வொரு தாளும் ஒரு பிடியில், பிடி ஒரு கற்றையில், கற்றை ஒரு கட்டில் என எல்லாம் எல்லை வகுத்து நிற்கும். சீனச் சமூகமோ குளத்தில் எறிந்த கல்லைச் சுற்றி விரியும் அலைவட்டம். ஒவ்வொருவரும் ஒரு வட்டத்தின் நடு. செல்வாக்குக் கூடினால் வட்டம் விரியும், நொடித்துப்போனால் சுருங்கும். 'நம் வீட்டார்' என்றால் யார் யார் என்பது ஆளையும் நேரத்தையும் பொறுத்தது.

இந்தப் படிமத்துக்கு அவர் வேர் தேடியது, உறவு வரிசையைக் குறிக்கும் 'லுன்' என்ற கன்பூசியச் சொல்லில். அந்தச் சொல்லை உருவினால் அவருடைய வாதம் நிற்காது. 'சாசு கெச்சு', அதாவது தரவரிசை கொண்ட உறவமைப்பு என்ற அந்தக் கருத்து 1947 வாக்கில் எழுதப்பட்டது. இன்றும் சீனச் சமூகவியலின் தூண்களில் ஒன்று.

நம் சொல்லுக்கு வருவோம். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் மாதம் தவறாமல் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறான். ஆனாலும் ஊரார் அவனைக் குறை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் பராமரிப்பைக் கொடுக்கல் வாங்கலாகப் பார்க்கும் கோட்பாட்டுக்கு இது புதிர். கடன் அடைபடுகிறது, பிறகு ஏன் முணுமுணுப்பு? இந்த மகனைக் கடைசிவரை கூட வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: சொல்லை எழுத்தோடு பிடியுங்கள்

சீனச் சொற்களை ஒலியை மட்டும் வைத்துக் குறிப்பெடுப்பது பெரிய ஆபத்து. தமிழில் எழுதும் நமக்கு அது இரட்டிப்பு. 'லீ' என்று எழுதினால் அது சடங்கொழுக்கமாக இருக்கலாம், பொருள்களுக்குள் ஓடும் ஒழுங்காக இருக்கலாம், ஆதாயமாகவும் இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு எழுத்துகள். முதல் இரண்டுக்கும் ஒலியின் ஏற்ற இறக்கம்கூட ஒன்றே. கன்பூசியஸின் வழிவந்த மென்சியஸின் நூல் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? என் நாட்டுக்கு என்ன ஆதாயம் கொண்டுவந்தீர்கள் என்று லியாங் நாட்டு அரசன் கேட்கிறான். 'லீ' பற்றி ஏன் பேச வேண்டும், அன்பும் அறமும் போதாவா என்று மென்சியஸ் திருப்பிக் கேட்கிறார். ஒலியை மட்டும் குறித்துக்கொண்ட மாணவர், மென்சியஸ் சடங்கொழுக்கத்தை நிராகரித்தார் என்று எழுதிவிடுவார். உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு கருத்துச் சொல்லின் அருகிலும் அதன் சீன எழுத்தைக் கையால் எழுதுங்கள். தட்டச்சு வேண்டாம், கையால்.

எழுதினால்தான் சில விஷயங்கள் தெரியும். சியாவ் என்ற எழுத்தின் மேற்பாதி 'முதியவர்' என்ற எழுத்திலிருந்து வந்தது, கீழ்ப்பாதி 'பிள்ளை'. முதுமையைக் கீழிருந்து பிள்ளை தாங்குகிறது. எழுத்தின் வடிவத்தை வைத்துக் கோட்பாடு கட்டக் கூடாது. ஆனாலும் இது இரண்டு பேருக்கு இடையிலான உறவைக் குறிக்கும் சொல், ஒருவருடைய மனத்துக்குள் மட்டும் இருக்கும் குணத்தின் பெயராகச் சுருங்காது என்பதை அந்த வடிவம் நினைவில் நிறுத்தும்.

இன்னொன்று. பழைய சொல் போலத் தெரியும் பல சீனச் சொற்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் புதுப்பொருள் பெற்றுத் திரும்பி வந்தவை. 'சமூகம்', 'பொருளாதாரம்' ஆகியவற்றுக்கான இன்றைய சீனச் சொற்கள் அப்படிப்பட்டவை. மொழிபெயர்ப்பாளர் யான் ஃபூ 1903-இல் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஸ்பென்சரின் சமூகவியல் நூலைச் சீனத்தில் கொடுத்தபோது 'சமூகம்' என்பதற்கு 'சுன்' என்ற சொல்லையே வைத்தார். மனிதனுக்கு எருதின் வலிமை இல்லை, குதிரையின் வேகம் இல்லை, ஆனாலும் அவை அவனுக்கு உழைக்கின்றன, ஏனென்றால் அவனுக்குக் கூடி வாழத் தெரியும் என்று பழங்கன்பூசியச் சிந்தனையாளர் சுன்சி சொன்னாரே, அந்தக் 'கூடுதல்'தான் இந்தச் 'சுன்'. அந்தச் சொல் தோற்று, ஜப்பான் வழி வந்த சொல் நிலைத்தது. நீங்கள் கையாளும் சொல் எந்த வழியாக வந்தது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மொழியைக் கற்க வேண்டுமா? ஆம். தற்காலச் சீனத்துக்கு இரண்டு ஆண்டு, அதன் மேல் செவ்வியல் சீனத்துக்கு ஓராண்டு என்பது என் கணக்கு. இந்தியாவில் சாந்திநிகேதனில் தாகூர் காலத்தில் 1937-இல் தொடங்கிய சீன பவனமும், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சீனத் துறையும் இருக்கின்றன. மொழி கைவரும் வரை மொழிபெயர்ப்போடு வேலை செய்யலாம். ஆனால் குறைந்தது மூன்றையாவது அருகருகே வைத்துப் படியுங்கள். சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட் என்ற இணையதளத்தில் மூலமும், பல நூல்களுக்கு ஜேம்ஸ் லெக்கின் 19-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சொல் எந்தெந்த நூலில் எங்கெங்கே வருகிறது என்று தேடவும் முடியும்.

மூன்றாம் படி: உரைகளோடு படியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்வதும் இதைத்தான்.

கன்பூசியஸின் உரையாடல்களான லுன்யூவின் இரண்டாம் இயலில் அடுத்தடுத்து நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: சியாவ் என்றால் என்ன? நான்கு பேருக்கும் நான்கு பதில். மெங் யீசி என்ற பிரபுவிடம், "மீறாமல் இருப்பது" என்கிறார். அவருடைய மகன் மெங் வூபோவிடம் நோயைப் பற்றிய கவலையைச் சொல்கிறார். சீடர் சியூவிடம், "இப்போது சோறு போடுவதையே சியாவ் என்கிறார்கள். நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம். மரியாதை இல்லையென்றால் என்ன வேறுபாடு?" என்கிறார். இன்னொரு சீடர் சிசியாவிடம், "முகம்தான் கடினம்" என்கிறார், அதாவது முகத்தில் கனிவு காட்டுவதுதான் கடினம். வேலை இருந்தால் இளையவர் செய்வதும், சோறும் மதுவும் இருந்தால் மூத்தவருக்கு முதலில் கொடுப்பதும் மட்டும் போதுமா என்று கேட்கிறார்.

பணம் அனுப்பும் மகனை ஊரார் ஏன் குறை சொல்கிறார்கள் என்ற புதிருக்கு இங்கே ஒரு திறப்பு கிடைக்கிறது. ஆய்வின் அலகே மாறுகிறது பாருங்கள். அதுவரை நீங்கள் வங்கிப் பரிமாற்றத்தை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். இனி தொலைபேசியில் அவன் எந்தக் குரலில் பேசுகிறான், புத்தாண்டுக்கு வந்தால் எவ்வளவு நேரம் பெற்றோர் பக்கத்தில் உட்கார்கிறான், தந்தை பேசும்போது கண் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் குறிக்க வேண்டியிருக்கிறது. பழஞ்சொல் புதுத் தரவைக் காட்டுகிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் நான்கு பதில்களையும் கூட்டி ஒரு வரையறை செய்துவிடாதீர்கள். ஏன் நான்கு? புகழ்பெற்ற உரையாசிரியர் சூ சி தம் உரையில் தமக்கு முந்தைய அறிஞர் செங் யீயின் விளக்கத்தை எடுத்துத் தருகிறார்: மெங் யீசிக்குச் சொன்னது எல்லாருக்கும் பொதுவானது, வூபோ கவலைப்பட வைக்கும் பிள்ளை, சியூ சோறு போடுவார் ஆனால் மரியாதையில் தவறக்கூடும், சிசியா நேர்மையானவர் ஆனால் முகத்தில் கனிவு குறைவு. அவரவர் குறைக்கு ஏற்ற மருந்து. வேறு உரையாசிரியர்கள் மெங் யீசிக்குச் சொன்ன பதிலில் கண்டனத்தையும் கேட்கிறார்கள். லூ நாட்டில் தம் தகுதிக்கு மீறிய சடங்குகளை நடத்திய மூன்று குடும்பங்களில் ஒன்று அவருடையது.

வூபோவுக்குச் சொன்ன பதிலில் ஒரு சிறு சொல் இருக்கிறது: 'அவர்களுடைய'. 'பெற்றோர், அவர்களுடைய நோய், கவலை' என்ற வரிசையில் நோய் யாருக்கு, கவலை யாருக்கு? பழைய உரை ஒன்று, பிள்ளைக்கு நோய் வந்தால் மட்டுமே பெற்றோர் கவலைப்படும்படி, மற்றெல்லாவற்றிலும் பிள்ளை ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறது. இன்னொரு மரபு, பெற்றோரின் நோயைக் குறித்துப் பிள்ளை கவலைப்பட வேண்டும் என்கிறது. வினாப்பட்டியல் தயாரிப்பவர் இங்கே நின்றாக வேண்டும். முதல் பொருளை எடுத்தால் "நான் என் பெற்றோருக்குக் கவலை தருவதில்லை" என்பது கேள்வி. இரண்டாவதை எடுத்தால் "என் பெற்றோரின் உடல்நலம் என் மனத்தில் எப்போதும் இருக்கிறது" என்பது கேள்வி. இரண்டும் வெவ்வேறு மனிதர்களை அளக்கும்.

பரிமேலழகரை ஒதுக்கிவிட்டுக் குறளாய்வு செய்ய நாம் துணிய மாட்டோம். சீன மூலங்களிலும் அதே கட்டுப்பாடு வேண்டும். மூல மொழி இல்லாதவர்களுக்கு எட்வர்ட் ஸ்லிங்கர்லாந்தின் 2003 ஆங்கில லுன்யூ மொழிபெயர்ப்பைப் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு பகுதிக்குக் கீழும் பழைய உரைகளிலிருந்து எடுத்துத் தருகிறார்.

நான்காம் படி: மூலத்தின் வயதைக் கேளுங்கள்

'பண்டைய சீனச் சிந்தனை' என்று ஒன்று உருவாகி அப்படியே உறைந்துவிடவில்லை. 1993-இல் ஹூபெய் மாகாணத்தில் குவோதியான் என்ற இடத்தில், ஏறக்குறைய கி.மு. 300-இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் தாவோ மரபின் மூலநூலான லாவோசியின் பகுதிகளும் இருந்தன. நாம் படிக்கும் லாவோசியின் 19-ஆம் இயல், அன்பையும் அறத்தையும் கைவிடச் சொல்கிறது. கன்பூசியருக்கு நேர் எதிரான வரி என்று நூற்றாண்டுகளாக எடுத்துக்காட்டப்பட்டது இது. குவோதியான் ஏட்டில் அந்த இடத்தில் அன்பும் இல்லை, அறமும் இல்லை. கைவிட வேண்டியவை பாசாங்கு போன்ற வேறு சில. இரண்டு பள்ளிகளின் பகை பிற்காலத்தில் கூர்மையானது என்று நினைக்க இது இடம் தருகிறது. 'தாவோ எதிர் கன்பூசியம்' என்ற இரட்டையை வைத்து ஆய்வுச் சட்டகம் அமைப்பவர்கள் இந்த ஏட்டைத் தாண்டிப் போக முடியாது.

நம் சொல்லுக்கும் அங்கே செய்தி உண்டு. அதே புதையலில் 'ஆறு அறங்கள்' என்று பெயரிடப்பட்ட ஏடு, தந்தைக்காக அரசனைத் துறக்கலாம், அரசனுக்காகத் தந்தையைத் துறக்கக் கூடாது என்கிறது. துக்கம் காக்கும் விதி பற்றிய பகுதியில் வருவதால் இதன் பொருள் எவ்வளவு விரியும் என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் சியாவ் பற்றிய செவ்வியல் நூலான சியாவ்சிங்கோ, சியாவுடன் அரசனுக்குப் பணி செய்தால் அதுவே விசுவாசம் என்று இரண்டையும் ஒரே கோட்டில் இணைக்கிறது. பேரரசுகள் விரும்பிப் பரப்பியது இந்த இரண்டாவதைத்தான். உங்கள் ஆய்வில் 'கன்பூசிய விழுமியம்' என்று எழுதும் முன் எந்த நூற்றாண்டின் விழுமியம் என்று ஓரத்தில் குறியுங்கள்.

ஐந்தாம் படி: எதிர்க்குரல்களை உள்ளே விடுங்கள்

ஷெ பகுதியின் அதிபர் கன்பூசியஸிடம் பெருமையோடு சொல்கிறார்: எங்கள் ஊரில் நேர்மையான கொங் என்று ஒருவன் இருக்கிறான், தந்தை ஆட்டைத் திருடியபோது சாட்சி சொன்னான். கன்பூசியஸ் பதில் சொல்கிறார்: எங்கள் ஊர் நேர்மை வேறு. தந்தை மகனுக்காக மறைப்பான், மகன் தந்தைக்காக மறைப்பான். நேர்மை அதற்குள் இருக்கிறது.

படித்த உடனே நமக்கு மனுநீதிச் சோழன் நினைவுக்கு வருவான், கை ஒப்பிடத் துடிக்கும். பொறுங்கள். முதலில் சீன மரபே இதோடு எப்படி மல்லுக்கட்டியது என்று பாருங்கள். சட்டத்தை முதன்மையாக்கிய சிந்தனையாளர் ஹான் ஃபெய் இதே கொங்கை எடுத்துக்கொண்டு, தந்தையைக் காட்டிக்கொடுத்ததற்காக அவனுக்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது என்று கதையை மாற்றி, அரசனுக்கு நேர்மையானவன் தந்தைக்குக் கொடியவன் ஆகிறான், இரண்டையும் ஒரே நாடு போற்ற முடியாது என்று வாதிடுகிறார். சுன்சி, அறத்தின் பக்கம் நில், தந்தையின் பக்கம் நிற்காதே என்கிறார். கி.பி. 653-இன் தாங் பேரரசுச் சட்டத்தொகுப்பு, நெருங்கிய உறவினர் ஒருவரையொருவர் மறைப்பதை அனுமதித்தது. 2012-இல் திருத்தப்பட்ட சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவரின் துணைவர், பெற்றோர், பிள்ளைகளைச் சாட்சிக்கூண்டுக்குக் கட்டாயமாக இழுக்கக் கூடாது என்கிறது. ஓர் ஆட்டுத் திருட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழக்கில் இருக்கிறது. சட்டவியல் மாணவருக்கு முழு ஆய்வேடே இதில் கிடக்கிறது.

நவீன காலத்து எதிர்ப்பு இன்னும் கடுமையானது. கன்பூசிய எதிர்ப்பாளர் வூ யூ 1917-இல், குடும்ப அமைப்பும் சியாவும்தான் கொடுங்கோன்மையின் அடித்தளம் என்று எழுதினார். அவரைப் படிக்காமல் சியாவைப் புகழ்வது நேர்மையாகாது. பெண்களின் இடத்தையும் தேடுங்கள். மாமியாருக்குக் கஞ்சி வைத்து, படுக்கை மாற்றி, கால் பிடித்துவிட்ட மருமகளின் உழைப்பு மகனின் சியாவாகக் கணக்கில் ஏறியது. தைவான் கிராமத்துப் பெண்களோடு வாழ்ந்து மார்ஜரி வுல்ஃப் 1972-இல் எழுதியதைப் படித்தால், தந்தைவழிக் குடும்பம் என்ற ஓட்டுக்குள் தாய் தன் பிள்ளைகளைக் கொண்டு தனக்கென இன்னொரு குடும்பத்தைக் கட்டிக்கொள்வது தெரியும். செவ்வியல் நூல் எதுவும் இதைச் சொல்லித்தராது.

ஆறாம் படி: சொல்லைப் பிழையாகக்கூடிய கருத்தாக மாற்றுங்கள்

ஒரு கருத்து தோற்க முடியாது என்றால் அதனால் ஆய்வுக்குப் பயன் இல்லை. எது நடந்தாலும் 'இதுதான் சியாவ்' என்று சொல்ல முடிந்தால், அது எதையும் விளக்கவில்லை.

அளவீட்டில் நடந்த ஒரு விபத்தை முதலில் சொல்கிறேன். உளவியலாளர் மைக்கேல் பாண்ட் 1980-களில் ஹாங்காங்கில் இருந்தபடி, சீன அறிஞர்களிடம் அடிப்படை விழுமியங்களைக் கேட்டு 40 கூறுகள் கொண்ட வினாப்பட்டியலைத் தயாரித்து, 22 நாடுகளின் மாணவர்களிடம் கொடுத்தார். மேற்கத்தியப் பட்டியலை உலகுக்குக் கொடுக்கும் வழக்கத்தைத் திருப்பிப்போட்ட துணிச்சலான செயல் இது. 1987-இல் வெளிவந்த முடிவில் ஒரு புதிய பரிமாணம் கிடைத்தது. பின்னர், நாடுகளின் பண்பாட்டை அளந்த ஹோஃப்ஸ்டெடின் ஐந்தாம் பரிமாணமாகப் புகழ்பெற்றதும் அதுதான். ஆனால் உற்றுப் பாருங்கள். அதன் ஒரு முனையில் விடாமுயற்சி, சிக்கனம், நாண உணர்வு. எதிர்முனையில் முகம் காத்தல், உதவிக்கு உதவி, மரபை மதித்தல். இரண்டு முனையும் கன்பூசியம்தான்! ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும் என்று எந்தக் கன்பூசியர் சொன்னார்? சொற்களைச் சூழலிலிருந்து உதிர்த்துப் பட்டியலாக்கினால் இப்படித்தான் ஆகும்.

நன்றாக நடந்ததும் உண்டு, நம் சொல்லிலேயே. உளவியலாளர் டேவிட் ஹோ சீனச் சமூகங்களில் செய்த ஆய்வுகளில், சியாவ் மனப்பான்மை அதிகாரப்போக்கோடும் பழமைப்பிடிப்போடும் சேர்ந்து வந்தது. வேறு ஆய்வுகளில் அதே சியாவ் பாசமான குடும்ப உறவோடு சேர்ந்து வந்தது. யார் சொல்வது சரி? தைவானின் யே குவாங்ஹுய், ஓல்வென் பெட்ஃபோர்டோடு சேர்ந்து 2003-இல் தந்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. சியாவுக்குள் இரண்டு இழைகள். ஒன்று, வளர்த்தவர் மேல் இயல்பாக ஊறும் அன்பும் நன்றியும். மற்றொன்று, பிள்ளை என்ற நிலைக்குரிய கீழ்ப்படிதலும் தன்னை அடக்கலும். ஒரே மனிதருக்குள் இரண்டும் வெவ்வேறு அளவில் இருக்கலாம். தொடக்ககாலக் கன்பூசியரின் பரஸ்பர உறவையும், ஹான் பேரரசுக் காலத்துக்குப் பின் இறுகிய அதிகாரத்தையும் பிரித்துப் படித்தவருக்கே இந்தப் பிரிவினை தோன்றும். நான்காம் படியில் ஏட்டின் வயதைக் கேட்டது இதற்காகத்தான்.

களஆய்வின் வழியும் அப்படியே. ஃபெய் 1983-இல் முதியோர் பராமரிப்பு பற்றி எழுதியபோது, மேற்கில் முதல் தலைமுறை இரண்டாவதை வளர்க்கிறது, இரண்டாவது மூன்றாவதை வளர்க்கிறது, தொடரோட்டம் போல என்றார். சீனாவில் வளர்க்கப்பட்டவர் வளர்த்தவருக்குத் திருப்பி ஊட்டுகிறார். குஞ்சு வளர்ந்து தாய்க் காக்கைக்கு இரை ஊட்டும் என்ற பழைய சீன நம்பிக்கை இதன் பின்னால் கேட்கிறது. இது சோதிக்கக்கூடிய கூற்று. சோதிக்கவும் பட்டது. ஹெய்லோங்சியாங் மாகாணத்தின் சியாசியா கிராமத்தில் 1970-களில் விவசாயியாக வாழ்ந்து, பிறகு மானுடவியலாளராகத் திரும்பிய யான் யுன்சியாங், பெற்றோரின் பிடி தளர்ந்ததையும் சியாவ் தேய்ந்ததையும் 2003-இல் எழுதினார். 2016-இல் இன்னும் தெளிவாக, பணமும் பராமரிப்பும் பாசமும் கீழ்நோக்கி, பேரப்பிள்ளையை நோக்கிப் பாய்கின்றன என்றார்.

இப்போது பணம் அனுப்பும் மகனைத் திரும்பப் பாருங்கள். அவன் அனுப்பும் பணம் எங்கே போகிறது? ஒருவேளை பாட்டி தாத்தாவிடம் வளரும் அவனுடைய மகளின் பள்ளிச் செலவுக்கே போய்ச் சேர்கிறதோ? அப்படியானால் ஊராரின் முணுமுணுப்புக்கு முகம் மட்டுமே காரணமா? உங்கள் வினாப்பட்டியலில் இந்தக் கேள்வி இருக்க வேண்டும்.

ஏழாம் படி: மொழிபெயர்க்காமல் விட வேண்டியதை விடுங்கள்

இந்த வேலையில் சீனர்களுக்கு நம்மைவிட நீண்ட அனுபவம் உண்டு. இந்தியாவிலிருந்து பௌத்தம் போனபோது, முதலில் தாவோ மரபின் சொற்களைக் கொண்டே அதை விளக்கினார்கள். போதிக்கு 'தாவோ', நிர்வாணத்துக்கு 'வூவெய்'. கருத்துகளை இப்படி இணைவைத்து விளக்கும் முறைக்குக் 'கெயீ' என்று பெயர். 4-ஆம் நூற்றாண்டிலேயே தாவோ ஆன் என்ற துறவி, இதனால் பொருள் பிறழ்கிறது என்று எச்சரித்தார். 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்து திரும்பிய யுவான் சுவாங், ஐந்து வகைச் சொற்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்ப்பாகவே விட வேண்டும் என்று வகுத்ததாக மரபு சொல்கிறது. பல பொருள் கொண்டவை ஒரு வகை, சீனத்தில் இல்லாத பொருள்கள் ஒரு வகை, மொழிபெயர்த்தால் மதிப்புக் குறைபவை ஒரு வகை. 'பிரக்ஞை'யை 'அறிவு' என்று மாற்றினால் அது இலேசாகிவிடும் என்பது அவர் கவலை.

சியாவைத் தமிழில் 'பெற்றோர் பேணல்' என்றால் இறந்த பின் செய்யும் கடன்கள் வெளியே நிற்கும். கன்பூசியஸுக்கோ மூன்றாண்டுத் துக்கம் அதன் உயிர்ப்பகுதி. 'நன்றிக்கடன்' என்றால் முகத்தின் கனிவு வெளியே நிற்கும். ரோஜர் ஏம்ஸும் ஹென்றி ரோஸ்மான்டும் ஆங்கிலத்தில் வழக்கமான சொல்லைத் தள்ளி, 'குடும்ப மரியாதை' என்ற பொருளில் புதிய சொல்லை வைத்தார்கள். அதுவும் எல்லாருக்கும் ஒப்பவில்லை. நான் செய்வது இது: முதல் முறை வரும்போது ஒரு முழுப் பத்தி விளக்கம், அதன் பிறகு ஒலிபெயர்ப்பு மட்டும். ஆய்வேட்டின் முன்பகுதியில் ஒரு சொல்லடைவு.

எட்டாம் படி: பெரிய கோட்பாடுகளைக் கல்லில் உரசிப் பாருங்கள்

பன்னாட்டு உறவு படிப்பவர்கள் சியாவை விட்டுத் 'தியான்சியா'வுக்கு, அதாவது வானின் கீழ் உள்ள எல்லாம் ஒரு குடும்பம் என்ற கருத்துக்கு வருவார்கள். சாவ் திங்யாங் 2005-இல் இதை நாடுகளின் போட்டிக்கு மாற்றான உலக ஒழுங்காக முன்வைத்தார். வரலாற்றாசிரியர் கெ சாவ்குவாங், வரலாற்றில் அப்படி ஒரு தியான்சியா இருந்ததா என்று கேட்டார். உண்மையில், உரசிப் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே ஒரு கல் இருக்கிறது.

இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்லில், 1409 என்ற ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. மிங் பேரரசரின் பெயரால் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பற்படை கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்தை வணங்குகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் பேசுகிறது. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் எனக் காணிக்கைகள் ஏறக்குறைய ஒன்றே, பெறும் தெய்வம் மட்டும் வேறு. எல்லாரையும் அவரவர் இடத்தில் வைத்து மதிக்கும் தியான்சியாவுக்கு இதைவிட நல்ல சான்று உண்டா என்று தோன்றும். ஆனால் அதே செங் ஹோ 1411-இல் இலங்கையில் போர் செய்து, அங்கே ஆண்ட அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீன அரசவைக்குக் கொண்டுபோனார். கல்லையும் போரையும் சேர்த்து விளக்க முடிகிறதா என்பதுதான் கோட்பாட்டுக்கான தேர்வு. ஒன்றை மட்டும் காட்டும் ஆய்வேட்டை நான் ஏற்க மாட்டேன், அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி.

ஒன்பதாம் படி: இன்று யார் இந்தச் சொல்லைப் பேசுகிறார்கள்?

இது சுருக்கமான படி, ஆனால் விட்டுவிடக் கூடாது. 1973-74-இல் சீனாவில் கன்பூசியஸுக்கு எதிராக இயக்கம் நடந்தது. 2013 ஜூலை 1 முதல், பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி பார்க்கவோ விசாரிக்கவோ வேண்டும் என்று முதியோர் உரிமைச் சட்டமே சொல்கிறது. 2016 மே மாதம் ஷி சின்பிங், சீனத் தனித்தன்மை கொண்ட தத்துவமும் சமூக அறிவியலும் வேண்டும் என்று உரையாற்றினார். ஆகவே நீங்கள் நேர்காணலில் கேட்கும் 'சியாவ்' பாட்டியிடமிருந்து வந்ததா, பள்ளிப் பாடத்திலிருந்து வந்ததா, தெருச் சுவரின் விளம்பரப் பலகையிலிருந்து வந்ததா என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். "இதை முதலில் யார் சொல்லிக் கேட்டீர்கள்?" என்ற ஒரே கேள்வி போதும்.

பத்தாம் படி: எழுதியதோடு திரும்பப் போங்கள்

முதல் வரைவு முடிந்ததும் அந்தப் பென்சில் கேள்வியைச் செயலாகவே செய்து பாருங்கள். கோப்பின் நகலை எடுத்து, சியாவ் என்ற சொல் வரும் வாக்கியங்களை எல்லாம் அழியுங்கள். எஞ்சியதை வேறொருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கு இடைவெளி எதுவும் தட்டுப்படவில்லை என்றால், மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். நான்கு பதில்களையும் மறுபடி படியுங்கள்.

இடைவெளி தட்டுப்பட்டால் களத்துக்குத் திரும்புங்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களிடம் உங்கள் கருத்தைச் சொல்லி, எங்கே தலையசைக்கிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எங்கே "அப்படியில்லை" என்கிறார்கள் என்று பாருங்கள். ஃபெய் கைசியான்கொங்குக்கு முதலில் போனது 1936-இல். அதற்கு முந்தைய ஆண்டு யாவ் மலைப்பகுதியில் களப்பணியின்போது புலிப்பொறியில் சிக்கிக் காயம்பட்டார், உதவி தேடிப் போன மனைவி வாங் தொங்ஹுய் உயிரிழந்தார். உடலும் மனமும் தேற வேண்டி, அக்கா பட்டுத்தொழில் சீர்திருத்தம் செய்துகொண்டிருந்த அந்தக் கிராமத்துக்குப் போனார். 1957-இல் மறுபடி போனார். அந்த ஆண்டே வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டார். சமூகவியல் துறையே 1952 முதல் 1979 வரை சீனப் பல்கலைக்கழகங்களில் இல்லை. 1981-இல், எழுபது வயதைத் தாண்டியவராக, மூன்றாம் முறை போனார். முதியோர் பராமரிப்பு பற்றிய அந்தக் கட்டுரை வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.